இயற்கையைப் பாடமாக்கிய அன்னா கொம்ஸ்ரொக் அம்மையார்

நூற்றாண்டு மலருக்கு ஒரு பெரியாரின் வாழ்க்கையை எழுதித் தருமாறு பழைய மாணவிகள் சங்கத்தினர் கேட்டபோது, வைத்தியத் தொழிலில் இருக்கும் நாம் ஒரு பெண் வைத்தியரைப் பற்றியே எழுதுவோம் எனச் சிலர் எண்ணியிருக்கக்கூடும். எமக்கு நினைவில் வந்தவரோ மருந்தோடு தொடர்பில்லாத ஒருவர். பாடசாலைப் பிள்ளைகளை வகுப்பறைக்கு வெளியே அழைத்துச் சென்று, புழுவையும் பூவையும் பறவையையும் நின்று பார்க்கக் கற்பித்த அன்னா பொட்ஸ்போர்ட் கொம்ஸ்ரொக் என்னும் அமெரிக்கப் பெண்மணி அவர்.

அவரைத் தெரிந்தெடுத்தமைக்கு எமது கல்லூரியே காரணம். நாம் உயர்தரம் படித்த காலத்தில் யாழ்ப்பாணத்தில் மின்சாரம் இல்லை. ஆய்வுகூடத்து அலுமாரிகளில் வெற்றுப் போத்தல்களே மிஞ்சியிருந்தன. நுணுக்குக்காட்டிக்கு ஜன்னல் வெளிச்சமே துணை. எமது தாவரவியல் ஆசிரியை இதைப் பற்றி ஒருநாளும் குறைப்பட்டதில்லை. எம்மைக் கூட்டிக்கொண்டு பின்வளவுக்குப் போய்விடுவார். அங்கே இலுப்பை நின்றது. வேலியோரம் எருக்கலை பற்றையாக வளர்ந்திருந்தது.

ஒருநாள் எருக்கலை இலையில் கறுப்பும் மஞ்சளும் வெள்ளையுமாக வரியிட்ட ஒரு புழுவைத் தோழி ஒருத்தி காட்டி, இது என்ன ரீச்சர் என்று கேட்டாள். ஆசிரியை குனிந்து நெடுநேரம் பார்த்தார். பின்னர் தமக்குத் தெரியாது என்றும், வளர்த்துப் பார்த்தால் தெரிந்துவிடும் என்றும் சொன்னார். ஒரு ஹோர்லிக்ஸ் போத்தலில் புழுவை விட்டு, வாயை மெல்லிய துணியால் கட்டி, நாள்தோறும் புதிய இலை போட்டோம். புழு பருத்தது, தலைகீழாகத் தொங்கியது, பச்சை நிறக் கூட்டுப்புழுவானது. ஒரு காலையில் செம்மஞ்சள் நிற வண்ணத்துப்பூச்சி சிறகை உலர்த்திக்கொண்டிருந்தது. அதைப் பறக்கவிட்ட சில மாதங்களில் 1995 இடப்பெயர்வு வந்தது. திரும்பி வந்தபோது கல்லூரியில் கதிரை மேசைகள் இல்லை. எருக்கலை மட்டும் முன்னிலும் செழித்து நின்றது.

பல ஆண்டுகளின் பின், எமது மகளின் பாடசாலைச் செயற்றிட்டம் ஒன்றுக்காகத் தேடியபோது கொம்ஸ்ரொக் அம்மையாரின் நூல் கைக்கு வந்தது. ஆசிரியர் தமக்குத் தெரியாததைத் தெரியாதென்று பிள்ளைகளிடம் சொல்லத் தயங்கவே கூடாது என அதன் தொடக்கத்திலேயே அவர் வற்புறுத்தியிருந்தார். எமது ஆசிரியை அந்த நூலைக் கண்டிருக்க வாய்ப்பில்லை. ஆயினும் இருவரும் ஒரே பாடத்தையே கற்பித்திருக்கின்றனர்.

பண்ணை வீட்டுச் சிறுமி

அன்னா 1854 ஆம் ஆண்டு செப்டெம்பர் 1 ஆம் திகதி, நியூ யோர்க் மாநிலத்தின் மேற்குப் பகுதியிலுள்ள ஒட்டோ என்னும் சிற்றூரில் பிறந்தார். தந்தை மார்வின் பொட்ஸ்போர்ட் ஒரு விவசாயி. தாய் பீபி. அவர்களுக்கு அன்னா ஒரே பிள்ளை. தாயார் குவேக்கர் என்னும் எளிய கிறிஸ்தவ மரபைச் சேர்ந்தவர். வீட்டு வேலை முடிந்ததும் மகளைக் கைப்பிடித்து வயலோரமும் காட்டோரமும் நடப்பது அவரது வழக்கம். வழியிலுள்ள செடிகளின் பெயர்களையும், இரவில் வானத்து விண்மீன் கூட்டங்களையும் காட்டிக்கொடுத்தார். விஞ்ஞானப் பெயர்கள் அல்ல, ஊரில் வழங்கிய பெயர்கள். பிற்காலத்தில் பேராசிரியராக உயர்ந்தபோதும் தமது முதல் ஆசிரியை தாயாரே என்பதை அன்னா மறக்கவில்லை.

1874 இல் அவர் கோர்னெல் பல்கலைக்கழகத்திற் சேர்ந்தார். அது பெண்களை அனுமதிக்கத் தொடங்கிச் சில ஆண்டுகளே ஆகியிருந்தன. அங்கே பூச்சியியல் கற்பித்த இளம் விரிவுரையாளர் ஜோன் ஹென்றி கொம்ஸ்ரொக்குடன் நட்பு ஏற்பட்டது. இரண்டு ஆண்டுகளில் பட்டம் பெறாமலே அன்னா பல்கலைக்கழகத்தை விட்டார். 1878 இல் இருவரும் மணந்துகொண்டனர்.

படிப்பை இடையில் நிறுத்தி மணம் முடித்த பெண்ணின் கதை பெரும்பாலும் இவ்விடத்தில் முடிந்துவிடும். எம்முடன் படித்த கெட்டிக்காரிகள் சிலரின் கதையும் அப்படித்தான் முடிந்தது. அன்னாவின் கதை அப்படி முடியவில்லை.

மரத்தில் செதுக்கிய பூச்சிகள்

1879 இல் கணவர் அமெரிக்க விவசாயத் திணைக்களத்தின் தலைமைப் பூச்சியியலாளராக நியமனம் பெற்று வாஷிங்டன் சென்றார். அன்னாவும் அங்கே அவருக்கு உதவியாளராகப் பணியாற்றினார். பழமரங்களின் கிளைகளில் ஒட்டிக்கொண்டு சாற்றை உறிஞ்சும் செதிற்பூச்சிகளை நுணுக்குக்காட்டியில் பார்த்து வரைவது அவரது வேலைகளுள் ஒன்று. அவர் சித்திரம் முறையாகப் பயின்றவர் அல்லர். பார்த்துப் பார்த்து வரைந்தே கைப்பழக்கத்தைப் பெற்றார்.

1881 இல் இருவரும் கோர்னெலுக்குத் திரும்பினர். அன்னா விட்ட படிப்பை மீண்டும் தொடங்கி, 1885 இல், தமது 30 ஆவது வயதில், இயற்கை வரலாற்றில் பட்டம் பெற்றார். கணவரின் நூல்களுக்குப் படங்கள் தேவைப்பட்டன. நியூ யோர்க் நகரின் கூப்பர் யூனியன் கல்வி நிலையத்தில் மரச்செதுக்குக் கலையைக் கற்றார்.

அக்கலை மிகுந்த பொறுமையை வேண்டுவது. கடினமான மரத்துண்டை வழவழப்பாக்கி, கூரிய உளியால் கோடு கோடாகச் செதுக்க வேண்டும். செதுக்கிய இடம் அச்சில் வெள்ளையாக வரும், விட்ட இடம் கறுப்பாக வரும். ஒரு கோடு தவறினாலும் அழித்துத் திருத்த முடியாது. அந்துப்பூச்சியின் சிறகிலுள்ள மெல்லிய செதில்களைக் கூட அவர் இவ்வாறு செதுக்கினார். 1895 இல் வெளிவந்த பூச்சியியற் கைந்நூலுக்கு அவர் செதுக்கிய படங்கள் பல நூறு. அமெரிக்க மரச்செதுக்குக் கலைஞர் சங்கத்தில் அங்கத்துவம் பெற்ற மூன்றாவது பெண் அவரே. விஞ்ஞான ஆய்வாளர்களுக்கான சிக்மா சை கழகம் 1888 இல் முதன்முதலாகச் சேர்த்துக்கொண்ட நான்கு பெண்களில் ஒருவராகவும் இருந்தார்.

வைத்திய மாணவியராக இருந்த காலத்தில் நாம் என்புகளையும் கலங்களையும் கொப்பியில் வரைந்ததை எண்ணிப் பார்க்கிறோம். வரையும்போதுதான் எதைப் பார்க்காமல் விட்டோம் என்பது தெரியும். அன்னா பிற்காலத்தில் பிள்ளைகளின் கையில் முதலிற் பென்சிலைக் கொடுத்ததன் காரணம் இதுவாகவே இருக்க வேண்டும்.

வயல்களை விட்டுப் போன இளைஞர்

1890களின் தொடக்கத்தில் நியூ யோர்க் மாநிலத்தின் விவசாயம் பெரும் நெருக்கடிக்குள்ளானது. விளைச்சலுக்கு விலை இல்லை. இளைஞர்கள் கிராமங்களை விட்டு நகரங்களில் வேலை தேடிக் குவிந்தனர். நகரத்திலும் வேலை இல்லை. அறநிலையங்கள் அவர்களைத் தாங்க முடியாமல் திணறின. இதை ஆராயக் கூடிய குழுவினர், சிறுவர்களுக்குத் தாம் வாழும் நிலத்தின்மீது பற்று உண்டாக வேண்டுமானால் அது பாடசாலையிலேயே தொடங்க வேண்டும் என்ற முடிவுக்கு வந்தனர். பணத்தால் வந்த துன்பத்துக்குப் பூவையும் புழுவையும் காட்டுவது மருந்தாகுமா என இன்று எமக்குத் தோன்றலாம். அன்றும் சிலருக்கு அப்படித் தோன்றியிருக்கும். விவசாயத்தின் விலைவாசியை அது மாற்றவில்லை என்பதும் உண்மையே. ஆனால் அந்த முயற்சியிலிருந்து வேறொரு பெரும்பயன் விளைந்தது.

1895 இல் வெஸ்ற்செஸ்ரர் மாவட்டப் பாடசாலைகளில் பரீட்சார்த்தமாக இயற்கைக் கல்வி தொடங்கியது. அதைத் திட்டமிடுவதில் அன்னாவுக்கு முக்கிய பங்கிருந்தது. பின்னர் கோர்னெலின் விவசாயக் கல்லூரி இப்பணியை ஏற்றது. தாவரவியலறிஞர் லிபர்ட்டி ஹைட் பெய்லி அதற்குத் தலைமை தாங்கினார். ஜோன் ஸ்பென்சர் என்னும் முன்னாள் விவசாயி, பிள்ளைகளுக்கு ஜோன் மாமாவாகி, இளம் இயற்கையாளர் கழகங்களை அமைத்தார். ஆயிரக்கணக்கான பிள்ளைகள் சேர்ந்தனர். கழகத்தின் சந்தா காசு அன்று. தாம் வெளியே பார்த்ததை எழுதி அவருக்கு அனுப்பும் கடிதமே சந்தா.

அன்னாவின் கவனமோ ஆசிரியர்களின் பக்கம் திரும்பியது. கிராமப் பாடசாலைகளிற் கற்பித்தவர்களுட் பெரும்பாலோர் இளம் பெண்கள். அவர்கள் விஞ்ஞானம் படித்தவர்கள் அல்லர். பிள்ளை ஒரு புழுவைக் கொண்டுவந்து காட்டினால் என்ன சொல்வதென்று அறியாது அஞ்சினர். அந்த அச்சம் நீங்காமல் இயற்கைக் கல்வி வகுப்பறையை விட்டு வெளியேறாது என்பதை அன்னா உணர்ந்தார். அவர்களுக்காகச் சிறு பிரசுரங்களை எழுதினார். ஆசிரியர் மாநாடுகளிலும் கோடைகால வகுப்புகளிலும் ஊரூராகச் சென்று பேசினார்.

பறிக்கப்பட்ட பதவி

1890களின் இறுதியில் கோர்னெல் அவரை இயற்கைக் கல்வியின் உதவிப் பேராசிரியராக நியமித்தது. அப்பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் என்ற சொல்லைப் பெயரோடு பெற்ற முதற் பெண் அவர். ஆனால் ஒரு பெண்ணுக்கு அப்பதவி வழங்குவதை நிருவாகசபையினர் சிலர் எதிர்த்தனர். பதவிப் பெயர் மீளப்பெறப்பட்டு அவர் விரிவுரையாளராக்கப்பட்டார். அப்பெயர் அவருக்கு மீண்டும் கிடைத்தது 1913 இல். முழுமையான பேராசிரியர் பதவி கிடைத்தது 1920 இல். அப்போது அவருக்கு வயது 65. ஓய்வு பெற இரண்டு ஆண்டுகளே இருந்தன.

இடைப்பட்ட 20 ஆண்டுகளும் அவர் சும்மா இருக்கவில்லை. வண்ணத்துப்பூச்சிகளைப் பற்றிக் கணவருடன் சேர்ந்து ஒரு நூல், தேனீ வளர்ப்புப் பற்றி ஒரு நூல், செல்லப்பிராணிகள் பற்றி ஒரு நூல் எனப் பலவற்றை எழுதினார். பேராசிரியர் என்ற பெயர் இல்லாமலே பேராசிரியரின் வேலையைச் செய்தார். எமது கல்லூரியிலும் நிரந்தர நியமனம் இல்லாமல் நீண்டகாலம் கற்பித்த ஆசிரியைகள் இருந்தனர். இதை வாசிக்கும் பழைய மாணவியருக்கு அவர்களுள் ஒருவரின் முகமாவது நினைவுக்கு வரும் என நம்புகிறோம்.

எவரும் நம்பாத நூல்

அன்னா பல ஆண்டுகளாக எழுதிய பிரசுரங்களை ஒன்றுசேர்த்து ஒரே நூலாக்க விரும்பினார். பக்கங்கள் 900 ஐத் தாண்டின. அவரது கணவரும் நண்பரும் சேர்ந்து நடத்திய பதிப்பகமே அதை வெளியிட வேண்டும். இவ்வளவு பெரிய நூலை எந்த ஆசிரியர் வாங்குவார், நட்டந்தான் வரும் எனக் கணவரே கருதினார். 1911 இல், அன்னாவின் 57 ஆவது வயதில், இயற்கைக் கல்விக் கைந்நூல் வெளிவந்தது. அப்பதிப்பகத்தின் வேறெந்த நூலையும் விட அதுவே அதிகம் விற்றது. 1939 இல் அதன் 24 ஆவது பதிப்பு வந்தது. எட்டு மொழிகளில் மொழிபெயர்க்கப்பட்டது. இன்றும் அச்சிலிருக்கிறது.

அந்நூலில் விலங்குகள், தாவரங்கள், நிலமும் வானமும் என்ற பகுதிகளில் இருநூறுக்கு மேற்பட்ட பாடங்கள் உள்ளன. யானையும் சிங்கமும் அங்கே முதலிடம் பெறவில்லை. பறவைகளைப் பற்றிய பகுதி வீட்டுக் கோழியின் இறகிலிருந்து தொடங்குகிறது. மழைநீர் இறகின்மேல் எப்படி வழிகிறது, கழுத்து இறகுக்கும் வாலிறகுக்கும் என்ன வேறுபாடு என்று கேள்விகள் தொடர்கின்றன. ஒவ்வொரு பாடத்திலும் ஆசிரியருக்கான விளக்கம் முதலில் வரும். பிள்ளைகளுக்கானவை பெரும்பாலும் கேள்விகளே. பார்த்தாலன்றி அவற்றுக்கு விடை சொல்ல முடியாது.

ஆசிரியர்களுக்கு அவர் கூறிய ஆலோசனைகள் நடைமுறைக்கு உகந்தவை. பாடம் பத்து நிமிடத்திலிருந்து அரை மணித்தியாலம் வரை போதும். வெளியே செல்வதற்கு முழுநாட் சுற்றுலா தேவையில்லை, இடைவேளையில் மதிலோரம் போய்வந்தாலும் போதும். ஆனால் எதைப் பார்க்கப் போகிறோம் என்பது போகுமுன்பே தெரிந்திருக்க வேண்டும். பெயரைச் சொல்லிக்கொடுப்பதோடு பாடம் முடிந்துவிட்டதென எண்ணக்கூடாது. களக்குறிப்புக் கொப்பி பிள்ளையின் சொந்தச் சொத்து, அதிலுள்ள எழுத்துப் பிழைகளைச் சிவப்புப் பேனையால் திருத்தக்கூடாது. இயற்கைப் பாடம் பிள்ளைக்கு மட்டுமன்றிக் களைத்துப்போன ஆசிரியருக்கும் ஓய்வு தர வேண்டும்.

இவையெல்லாவற்றிலும் முதன்மையானது, தெரியாது என்று சொல்லும் துணிவு. ஆசிரியர் எல்லாம் அறிந்தவர் போல நடித்தால் பிள்ளையின் கேள்வி அத்துடன் நின்றுவிடும். தெரியாது, இருவரும் தேடுவோம் என்றால் பிள்ளை ஆசிரியரின் தோழனாகிவிடும் என்பது அவரது கருத்து. வைத்தியத்திலும் இது பொருந்தும். நோயாளியை உற்றுப் பாராமல் விரைந்து பெயர் சூட்டும் வைத்தியரைவிட, தெரியவில்லை, இன்னொருமுறை பரிசோதிப்போம் என்பவரிடமே எமது பிள்ளைகளை நாம் கொண்டு செல்வோம்.

அவரது இயக்கத்துக்குக் கண்டனங்களும் இருந்தன. இது விஞ்ஞானம் அன்று, வெறும் உணர்ச்சி என்றனர் சிலர். காலப்போக்கில் பாடசாலைகளில் இயற்கைக் கல்வியின் இடத்தை ஆரம்ப விஞ்ஞானப் பாடநூல்கள் பிடித்துக்கொண்டன. பிள்ளைகள் மீண்டும் வகுப்பறைக்குள் வந்தனர்.

இறுதிக் காலம்

1923 இல் அமெரிக்கப் பெண் வாக்காளர் கழகம், நாட்டில் வாழும் தலைசிறந்த 12 பெண்களுள் ஒருவராக அன்னாவைத் தெரிவுசெய்தது. 1922 இல் ஓய்வு பெற்ற பின்னரும் கற்பித்தலை அவர் கைவிடவில்லை. 1926 இல் கணவர் பாரிசவாதத்தால் பாதிக்கப்பட்டார். பிள்ளைகள் இல்லாத அத்தம்பதியரின் வீட்டில், அவரைப் பராமரிக்கும் பொறுப்பும் அன்னாவின்மேல் வந்தது. தாமும் புற்றுநோயால் வருந்திய அன்னா, 1930 ஆம் ஆண்டு ஓகஸ்ட் 24 ஆம் திகதி இதாக்கா நகரிற் காலமானார். அடுத்த ஆண்டு கணவரும் மறைந்தார். எவரும் நம்பாத அந்தக் கைந்நூலை வெளியிட்ட பதிப்பகம் கோர்னெல் பல்கலைக்கழகத்துக்கு உரியதாயிற்று.

எமது பின்வளவு

இவ்வரலாற்றை வெறும் புகழ்ச்சியாக எழுதி முடிக்க எமக்கு மனமில்லை. உலகில் உயிர்ப் பல்வகைமை மிகுந்தும் அதே வேளை பெரிதும் அச்சுறுத்தப்பட்டும் உள்ள இடங்களுள், மேற்குத் தொடர்ச்சி மலையுடன் சேர்த்து இலங்கையும் ஒன்றாகக் கணிக்கப்படுகிறது. எமது பிள்ளைகள் பரீட்சைத்தாளில் உயிர்ப் பல்வகைமைக்கு வரைவிலக்கணம் எழுதிப் புள்ளி பெறுகின்றனர். வேலியில் கூவும் செண்பகத்தையும், கூட்டமாக நிலத்திற் கிண்டும் புலுனியையும் வேறுபடுத்தத் தெரியாமலே பாடசாலையை விட்டுச் செல்கின்றனர்.

வைத்தியர் என்ற முறையிலும் இரண்டு சொல்ல வேண்டும். புலமைப்பரிசிற் பரீட்சைக்காக விடியமுன்னும் பொழுதுபட்ட பின்னும் தனியார் வகுப்புகளில் அடைபட்டிருக்கும் சின்னப்பிள்ளைகள் மூக்குக்கண்ணாடியோடு எம்மிடம் வருகின்றனர். பகல் வெளிச்சத்தில் வெளியே கழிக்கும் நேரம் கூடினால் குறும்பார்வை தொடங்கும் வாய்ப்புக் குறையும் என்பது ஆய்வுகளில் தெளிவாகியுள்ளது. அடுத்தது நுளம்பு. மாரிமழையோடு டெங்கு வருகிறது. நுளம்பின் முட்டை குடம்பியாகி, கூட்டுப்புழுவாகி, நுளம்பாகப் பறக்க ஏறத்தாழ ஒரு வாரம் முதல் பத்து நாள் வரையே ஆகும். ஆகவே வாரம் ஒருமுறை தண்ணீர் தேங்கும் சிரட்டைகளைக் கவிழ்த்தாற் போதும். அன்னாவின் கைந்நூலில் நுளம்புக்கும் ஒரு பாடம் உண்டு. துணியால் மூடிய போத்தலில் நெளியும் குடம்பியைத் தன் கண்ணால் ஒருமுறை பார்த்த பிள்ளை, சொல்லாமலே வீட்டுச் சிரட்டையைக் கவிழ்க்கும். நூறு துண்டுப்பிரசுரங்களால் ஆகாததை அந்த ஒரு போத்தல் செய்யும்.

நூற்றாண்டு மண்டபத்துக்கு இடம் தேடுவதாக அறிகிறோம். மண்டபம் வேண்டும் என்பதில் எமக்கு மாற்றுக் கருத்தில்லை. ஆனால் பின்வளவு இலுப்பையடியும் வேலியோர எருக்கலையும் வெறும் பற்றை என்று துப்புரவாக்கப்பட்டு விடக்கூடாதென அதிபர் அவர்களையும் சங்கத்தினரையும் பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம். செம்மஞ்சள் வண்ணத்துப்பூச்சி அங்கே வருவதற்குக் காரணம் அந்த எருக்கலைதான். அதன் புழு கண்ட கண்ட இலைகளைத் தின்னாது. கறிவேப்பிலையையும் தேசியையும் நாடி வரும் கறுப்பு வண்ணத்துப்பூச்சி வேறு. செடி போனால் பூச்சி போகும், பூச்சி போனால் அதைத் தின்ன வரும் குருவியும் போகும். உயிர்ப் பல்வகைமை என்ற பெரிய சொல்லின் பொருள் அந்த ஒரு பரப்புக்கும் குறைந்த நிலத்தில் இருக்கிறது.

இதற்குச் செலவு அதிகமில்லை. ஒவ்வொரு வகுப்புக்கும் வாரத்தில் பத்து நிமிடம், பிள்ளைக்கு ஒரு கொப்பி, வகுப்புக்கு நான்கு கைவில்லைகள். கொப்பிகளையும் கைவில்லைகளையும் எமது ஆண்டுத் தோழியர் வழங்குவதாக உறுதி கூறியுள்ளனர். தேவைப்படுவது, பிள்ளை காட்டும் புழுவைக் குனிந்து பார்த்து, தமக்குத் தெரியாது என்று சொல்ல வெட்கப்படாத ஓர் ஆசிரியை. அப்படி ஒருவர் எமக்குக் கிடைத்தார். இனி வரும் நூற்றாண்டின் மாணவிகளுக்கும் கிடைக்க வேண்டும்.

எமது கல்லூரி அன்னை நீடு வாழ்க.